விளம்பரம் இல்லாமல் குடும்ப வரலாற்றுச் சேவை: சம்பந்தி வழியாக வரும் வேலை

கேள்வி கேட்டவர் நங்கநல்லூரில் இருக்கிறார். தனியார் நிறுவனத்தில் வேலை, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தன் குடும்பத்தின் ஐந்து தலைமுறையைத் தேடி எழுதி முடித்திருக்கிறார். அதைப் பார்த்த உறவினர்கள் சிலர் தங்களுக்கும் அப்படிச் செய்து தரச் சொல்கிறார்கள். விளம்பரத்துக்குச் செலவழிக்கப் பணமில்லை. தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருவதை மட்டும் நம்பி, சென்னையில் இதைத் தொழிலாக நடத்த முடியுமா, வேலையை விடலாமா என்று கேட்கிறார்.

முடியும். நான் நடத்துவதும் அப்படித்தான். ஆனால் ‘நல்லா செஞ்சா ஆள் தானா வரும்’ என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகச் செய்தும் அடுத்த ஆள் வராமல் போவதற்கு இந்தத் தொழிலில் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது.

உங்கள் வீட்டு ஏசி மெக்கானிக்கைச் சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினால், அங்கேயும் ஒரு ஏசி இருக்கும், அவருக்கு அங்கேயும் கூலி கிடைக்கும். குடும்ப வரலாறு அப்படியில்லை. உங்கள் அப்பாவின் முன்னோர்கள்தான் சித்தப்பாவுக்கும் முன்னோர்கள். நீங்கள் பாடுபட்டுத் தேடிக் கொடுத்த வம்சாவளியைப் பங்காளிகள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பி.டி.எஃப். சுற்றும், எல்லோரும் மனதாரப் பாராட்டுவார்கள், வேலை அத்தோடு முடிந்தது. உங்களிடம் இப்போது கேட்கிற உறவினர்களில் எத்தனை பேர் பங்காளிகள், எத்தனை பேர் கொடுத்த வீடு, எடுத்த வீடு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பங்காளிகளுக்குச் செய்ய வேண்டிய வேலையில் பாதியை ஏற்கெனவே இலவசமாகச் செய்து முடித்துவிட்டீர்கள்.

புதிய வேலை சம்பந்தி வழியாகத்தான் வரும். அவர்களுடைய குலதெய்வம் வேறு, பூர்வீக ஊர் வேறு, தாத்தாவின் தாத்தா வேறு. உங்கள் வாடிக்கையாளரின் அக்கா கல்யாணமாகிப் போன வீட்டில் அந்தப் புத்தகத்தைப் புரட்டி, ‘எங்க பக்கம் இப்படி ஒண்ணும் இல்லையே’ என்று ஒருவர் நினைக்க வேண்டும். அப்படி நினைக்க வேண்டுமானால் அந்த அக்கா புத்தகத்தில் இருக்க வேண்டும். அவர் பெயர், புகுந்த வீடு, மாமனார் மாமியார் பெயர், பிள்ளைகள் எல்லாம் இருக்க வேண்டும். பெரும்பாலான வம்சாவளிகளில் இருப்பதில்லை. ஆண் வாரிசுகளை மட்டும் வரிசையாக எழுதி, பெண்களை ‘மகள் 2’ என்று முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை என்பது ஒரு பக்கம். தொழிலுக்கும் அதுதான் முட்டுக்கட்டை. ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, ஏறக்குறைய முழு யோசனையும்: பெண் வழியை விடாமல் எழுதுங்கள். பாட்டியின் பிறந்த வீடு, அந்தப் பாட்டியின் அம்மா பிறந்த வீடு என்று போங்கள்.

இது சுலபமில்லை. பழைய பத்திரங்களில் பெண்ணை யாருடைய மனைவி, யாருடைய மகள் என்று ஆண் பெயரை வைத்துத்தான் அடையாளம் சொல்லியிருப்பார்கள். பிறந்த ஊர் பெரும்பாலும் இருக்காது. அதனால் அலுவலகங்களுக்கு ஓடுவதற்கு முன் வீட்டைப் பாருங்கள். பெரம்பூரில் ஒரு வீட்டில், பாட்டி எந்த ஊர்ப் பெண் என்று யாருக்குமே தெரியவில்லை. பரணிலிருந்து ஒரு பித்தளை அண்டாவை இறக்கி, புளி போட்டுத் தேய்க்கச் சொன்னேன். கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது. இரண்டு இனிஷியல், பாட்டியின் பெயர், ஒரு தேதி. சீராக வந்த பாத்திரம். அதனால் முதல் எழுத்து பிறந்த ஊருடையது, இரண்டாவது அவர் தகப்பனாருடையது. ‘கு’ என்று ஆரம்பிக்கும் ஊர் என்றதும், அதுவரை ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர், ‘குத்தாலம் பக்கம்னு அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன்’ என்றார். குத்தாலத்தில் விசாரித்தபோது அந்தப் பாட்டியின் தம்பி வழிப் பேரப்பிள்ளைகள் தாம்பரத்தில் இருப்பது தெரிந்தது. இரண்டு வீடும் பல வருடமாக ஒரே நகரத்தில், ஒருவரை ஒருவர் அறியாமல் இருந்திருக்கிறார்கள். என் அடுத்த வேலை தாம்பரம் வீட்டுடையது. யாரும் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. தேடலே அவர்களிடம் கொண்டுபோய்விட்டது.

மொய் நோட்டும் அப்படித்தான். தென் மாவட்டக் குடும்பங்களில் அறுபது எழுபது வருடத்து நோட்டுகளைக்கூடப் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஊர்ப் பெயர் முதலில், ஆள் பெயர் அடுத்து, தொகை கடைசியில். எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் மொய் செய்திருக்கிறார்கள் என்று எண்ணினால் உறவு எந்தப் பக்கம் அடர்த்தி என்று புரிந்துவிடும். தொகை பெரிதாக இருக்கும் இடத்தில் தாய்மாமனைத் தேடுங்கள். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளி டி.சி., அரசுப் பணியில் இருந்தவரின் சர்வீஸ் ரிஜிஸ்டர், ஜாதகக் கட்டு எல்லாம் இதே வரிசை. ஜாதகத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு. தமிழ் ஆண்டுப் பெயர் 60 வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். ‘துன்மதி வருஷம் ஐப்பசி’ என்றால் 1921 ஆகவும் இருக்கலாம், 1981 ஆகவும் இருக்கலாம். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொண்டால் ஒரே பெயர், ஒரே ஆண்டு, இரண்டு ஆட்கள்! இதைக் கவனிக்காமல் தலைமுறையையே மாற்றி எழுதிய வம்சாவளிகளைப் பார்த்திருக்கிறேன்.

அலுவலக ஆவணங்களில் எனக்கு மிகப் பிடித்தது பாகப்பிரிவினைப் பத்திரம். சண்டை வரக்கூடாது என்பதற்காக எழுதிய பத்திரம் என்பதால், யாருக்கு யார் பிள்ளை, எத்தனை தாரம், யார் காலமாகிவிட்டார் என்று எல்லாம் தெளிவாக இருக்கும். அந்தப் பத்திரம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேட, பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்க்கக் கட்டணமில்லை, பல அலுவலகங்களுக்கு 1975 முதல் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, கையால் தேடச் சொல்ல வேண்டும். சென்னை நகர எல்லைக்குள் வீடு வாசல் இருந்த குடும்பமென்றால் உயர் நீதிமன்றத்தையும் மறக்காதீர்கள். நகரத்துச் சொத்து பற்றிய உயிலுக்கு அங்கே புரொபேட், அதாவது உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று, வாங்க வேண்டும் என்ற விதி நீண்டகாலம் இருந்தது. அந்த மனுக்களில் வாரிசுகள் எல்லோர் பெயரும் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலம் தொட்டு ஆவணங்கள் இருக்கின்றன. ஆனால் அனுமதி வாங்கித்தான் உட்கார முடியும், ஊரும் காலமும் தெரியாமல் போனால் ஒரு முழு நாள் வீணாகும். வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டு) இருந்தால், ஆங்கில ஆண்டு கிடைக்க 590 கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1430 என்பது 2020 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. நெல்லை, குமரிப் பக்கத்து ஓலைகளிலும் பத்திரங்களிலும் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு வரும், அதற்கு 825 அளவில் கூட்ட வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயில் பதிவேடுகள், இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு. ஆங்கிலோ இந்தியக் குடும்பமென்றால் சென்னை மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன; அங்கே தேடுவது பல சமயம் இங்கே தேடுவதைவிட வேகம்.

இனி, குடும்பத்துக்கு வெளியிலிருந்து யார் ஆள் அனுப்புவார்கள் என்ற விஷயம். தொழில் முனைவோர் கூட்டங்களுக்கு வாரா வாரம் போய் விசிட்டிங் கார்டு கொடுப்பது ஏசி, இன்டீரியர், இன்ஷூரன்ஸ் செய்பவர்களுக்குச் சரி. நமக்கு வேண்டியது, ஒரு மனிதன் தன் முன்னோரைப் பற்றி நினைக்கிற அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர். அப்படிப்பட்டவர்கள் சென்னையில் சிலர்தான். திதி கொடுக்கும்போது மூன்று தலைமுறைப் பெயர் கேட்கிற வாத்தியார். கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாமல் முழிப்பவரை அவர்தான் பார்க்கிறார். பழைய போட்டோவைச் சரிசெய்து பெரிதாக்கித் தரும் ஸ்டுடியோக்காரர். சஷ்டியப்தபூர்த்தியும் சதாபிஷேகமும் நடத்திக் கொடுக்கும் காண்ட்ராக்டர். சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர். எல்லோரையும்விட முக்கியமானவர் ஜோசியர். ‘குலதெய்வக் குறை இருக்கு, போய்க் கும்பிட்டுட்டு வாங்க’ என்று அவர் சொல்லிவிடுகிறார். எங்கே போவது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தாத்தா காலத்திலேயே பட்டணத்துக்கு வந்துவிட்ட குடும்பம். எனக்கு வரும் விசாரிப்புகளில் இந்த வகைதான் அதிகம்.

குலதெய்வம் தேடுவதில் குடும்பப் பெயர்களே பாதி வழி காட்டும். முன்னோர் பெயரில் சுடலை திரும்பத் திரும்ப வந்தால் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் பாருங்கள். பாவாடை என்று வந்தால் மேல்மலையனூர் அங்காளம்மனைச் சுற்றியுள்ள பகுதி. மாசாணி என்றால் ஆனைமலை. முதல் முடி எங்கே இறக்கினார்கள், பங்குனி உத்திரத்துக்குப் போவார்களா, சிவராத்திரிக்குப் போவார்களா என்று வீட்டில் மூத்த பெண்மணியிடம் கேளுங்கள். கோயிலைக் கண்டுபிடித்ததும் பூசாரியிடம் தலைக்கட்டு வரி நோட்டு (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வசூலிக்கும் கணக்கு) இருக்கிறதா என்று விசாரியுங்கள், அதில் பங்காளிகள் பட்டியலே கிடைக்கும். ஒன்று மட்டும் உறுதியாக இருங்கள்: சான்று இல்லாமல் ‘இதுதான் உங்க சாமி’ என்று சொல்லக் கூடாது. அவர்கள் அங்கே போய்ப் பொங்கல் வைப்பார்கள், பிள்ளைக்கு முடி இறக்குவார்கள். அவ்வளவு நம்பிக்கையை உங்கள் ஊகத்தின் மேல் ஏற்றி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

வெளிநாட்டுத் தமிழர்கள் இன்னொரு தனிக் கிளை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து போய் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலானோர் சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம், தழும்பு வரை பதிந்திருக்கிறார்கள். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் அங்கே மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. டர்பனிலிருந்து வருபவர் கையில் கொள்ளுத்தாத்தாவின் எண்ணும் ‘வட ஆற்காடு’ என்ற சொல்லும் இருக்கும். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று தேடி ஊர் அகப்படவில்லை என்றால் சித்தூரைப் பாருங்கள். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அந்தப் பகுதியின் பெரும்பகுதி வட ஆற்காட்டில்தான் இருந்தது. அந்தக் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கும், விசாரணையைத் தெலுங்கில் நடத்த வேண்டியிருக்கும். இந்த வாடிக்கையாளர்களைக் கொண்டுவருபவர்கள் யார் தெரியுமா? விமான நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றி ஊர் ஊராக அழைத்துப் போகும் டிரைவர்களும் அவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் சிறிய டிராவல்ஸ்காரர்களும். வழியில் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது டிரைவருக்குத்தான் தெரியும். ஒருவர் மனநிறைவோடு ஊர் திரும்பினால், அங்கே அவருடைய கோயில் சங்கம் முழுக்கச் செய்தி போய்விடும்.

ஆள் அனுப்புபவருக்குக் கமிஷன் கொடுக்கலாமா? என் முடிவு, கூடாது. கமிஷன் வாங்கிய ஜோசியர் குலதெய்வக் குறை இல்லாதவருக்கும் குறை சொல்ல ஆரம்பிப்பார். உங்கள் பெயர் அதில் மாட்டிக்கொள்ளும். பதிலுக்கு வேலையாகக் கொடுங்கள். உங்களிடம் வருபவர் கையில் கிழிந்த போட்டோ இருந்தால் அதே ஸ்டுடியோவுக்கு அனுப்புங்கள், பத்திர நகல் எடுக்க அதே எழுத்தரிடம் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அனுப்பி வைத்தவரை நேரில் பார்த்து, ‘நீங்க அனுப்பினவங்களுக்கு வேலை முடிஞ்சது, திருப்தியா போனாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும்.

இது மிகப் பெரிய விஷயம். தேடினால் இரண்டாவது குடும்பம் வரும். தத்து வரும். வீட்டை விட்டு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட அத்தை வருவார். அவர் பெயரையே குடும்பம் எல்லா இடத்திலும் அழித்திருக்கும். சாதி மாறி நடந்த கல்யாணம் வரும். நம்மிடம் ஆள் அனுப்புகிறவர் தன் பெயரை அடகு வைத்து அனுப்புகிறார். ‘நீ அனுப்பின ஆள் எங்க குடும்ப மானத்தை வாங்கிட்டான்’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அவர் வழி மட்டுமல்ல, அவர் சுற்றம் முழுவதும் அடைபடும். நான் செய்வது இதுதான். முதல் சந்திப்பிலேயே, எதிர்பாராத செய்தி கிடைத்தால் யாரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். உயிரோடு இருப்பவர்கள் விவரம் அவர்கள் சம்மதமில்லாமல் அச்சில் ஏறாது. குடும்பத்துக்கெல்லாம் கொடுக்கும் பிரதி ஒன்று, முழு ஆதாரக் கோப்பு வேறு. ஆனால் பொய் எழுதித் தர மாட்டேன். இருந்த ஒருவரை இல்லை என்று எழுதச் சொன்னால், அந்த இடத்தை வெறுமையாக விடுவேனே தவிர வேறு பெயர் போட மாட்டேன். ராஜ வம்சம், ஜமீன் வம்சம் என்று நிரூபித்துத் தரச் சொல்பவர்களுக்கும் அதே பதில். சான்று இருந்தால் எழுதுவேன்.

சொத்து வழக்குக்காக வருபவர்களை வேறு கணக்கில் வையுங்கள். வக்கீல் மூலம் வரும் வேலை, கட்டணம் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பங்காளிக்குச் செய்த பிறகு எதிர்த் தரப்புப் பங்காளிக்குச் செய்யக் கூடாது. குடும்ப நினைவுக்காக என்று சொல்லி ஒரு பெரியவரிடம் வாங்கிய தகவலை வழக்குக்குக் கொடுக்கவும் கூடாது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை அந்தப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டணத்தை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதல் கட்டம் சிறிய தொகை: வீட்டில் உள்ளதைப் பார்ப்பது, பெரியவர்களிடம் பேசுவது, எதுவரை போக முடியும் என்று ஒரு குறிப்பு எழுதித் தருவது. அதைப் படித்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். கிடைக்காத தேடலுக்கும் கட்டணம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லி, எங்கெல்லாம் தேடினேன், எந்தப் பதிவேட்டில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பார்த்தேன் என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். கிடைக்கவில்லை என்ற அறிக்கையை ஒழுங்காகக் கொடுத்த வீடுகளிலிருந்து எனக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. பற்றி ஆரம்பத்தில் கவலை வேண்டாம்; சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது பதிவு செய்தால் போதும்.

ஒருவரிடம் ‘வேற யாராவது இருந்தா சொல்லுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் ஞாபகத்துக்கு வரமாட்டார்கள். பணம் வாங்கும்போது கேட்பது அதைவிட மோசம். புத்தகத்தைக் குடும்பமாக உட்காரவைத்துக் கொடுங்கள், முடிந்தால் ஏதாவது விசேஷத்தில். வீட்டில் மூத்த அத்தையையோ பெரியம்மாவையோ பக்கத்தில் உட்காரவைத்து, அவர் புகுந்த வீட்டுப் பக்கத்தைத் திறந்து, ‘இதுக்கு மேல உங்க மாமனார் வீட்டு ஆட்கள் யார்கிட்ட கேட்டா தெரியும்மா?’ என்று கேளுங்கள். உண்மையிலேயே அந்தப் பக்கம் முழுமையாக இருக்காது, அதனால் இது நேர்மையான கேள்விதான். அவர் அங்கேயே போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிடுவார்.

வேலையை இப்போதே விடாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் காட்சி இருக்காது, உள்ளூர் விசாரிப்பு படுத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் வெளிநாட்டுக்காரர்கள் வந்தால்தான் உண்டு. வருமானம் மாதா மாதம் ஒரே மாதிரி வராது என்பதை வீட்டிலும் சொல்லிவையுங்கள். எப்போது விடலாம் என்பதற்கு நான் பார்க்கும் அடையாளம்: உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருவர், உங்களுக்கு அறிமுகமே இல்லாத இன்னொருவர் சொல்லி, தொடர்ந்து வர ஆரம்பித்திருக்க வேண்டும். ஒரு சம்பந்தி வீட்டைத் தாண்டி அந்த வீட்டின் சம்பந்திக்கு உங்கள் பெயர் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். ஒரு முழு வருடம், எல்லா சீசனையும் பார்த்த பிறகும் அப்படி வந்துகொண்டிருந்தால் ராஜினாமா கடிதம் எழுதலாம். அதுவரை சனி, ஞாயிறில் வீடுகளுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். ஆவணக் காப்பகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் பெரும்பாலும் வேலை நாளில்தான் போயாக வேண்டும், இருக்கிற லீவை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.